எல்லார் பேரிலும் ஒரே மூச்சு

எங்கள் ஊரில் ‘ஊது’ என்று யாராவது சொன்னால் அதற்கு ஒரே பொருள்தான். காரைக்காலில் சரக்கு விலை குறைவு. எல்லையைத் தாண்டினால் தமிழ்நாட்டுப் போலீஸ் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி வாய்க்கு நேரே ஒரு கருவியை நீட்டும். நாகூர்ப் பக்கம் கல்யாணத்துக்குப் போகிற மாமன் மச்சான்கள், பந்தியில் உட்கார்ந்ததும் ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொள்வார்கள்: “ஊதினியா, தப்பிச்சியா?” நானும் கேட்டுச் சிரித்திருக்கிறேன். இப்போது அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குக் குமட்டுகிறது.

நான் ஒரு மருத்துவமனையில் பதிவேட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நோயாளியின் கேஸ் ஷீட்டை எடுத்து, எழுத வேண்டியதை எழுதியிருக்கிறார்களா, தேதியும் கையெழுத்தும் இருக்கிறதா, ஒருத்தருடைய தாள் இன்னொருத்தருடைய ஃபைலில் புகுந்துவிட்டதா என்று பார்ப்பது என் வேலை. யாரும் மதிக்கிற வேலை அல்ல. டாக்டர்களுக்கு நான் ‘கையெழுத்துக் கேட்டு நச்சரிக்கிற அம்மா’.

சென்ற ஆண்டு ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு டைல்ஸ் தொழிற்சாலையிலிருந்து எங்கள் தலைமை மருத்துவருக்குக் கடிதம் வந்தது. தூசியில் வேலை செய்கிறவர்களை வருடத்துக்கு ஒருமுறை பரிசோதித்துப் பதிவு வைக்க வேண்டும் என்பது சட்டம். அதற்காக அவர்கள் உள்ளேயே ஒரு டிஸ்பென்சரி வைத்திருந்தார்கள். அரசாங்க ஆய்வு வரப்போகிறது, அதற்குமுன் பதிவுகளின் தரத்தை வெளியாள் ஒருவர் பார்த்து அறிக்கை தர வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். டாக்டர் என்னைக் கூப்பிட்டார்.

“சார், என் பையன் அங்கேதான் வேலை பார்க்கிறான். நான் போனா சரியா இருக்காது.”

“காரைக்கால்ல யாரம்மா யாருக்குச் சொந்தமில்ல? சொந்தமில்லாத ஆளைத் தேடினா மெட்ராஸ்லேருந்துதான் வரணும். போய்ப் பாருங்க. அறிக்கையில நானும் கையெழுத்துப் போடறேன்.”

என் மகன் பாலிடெக்னிக் முடித்து அங்கே தூள் அரைத்துக் கொட்டும் பகுதியில் சூப்பர்வைசராக இருந்தான். ஒரே பிள்ளை. அவன் வேலைக்குச் சேருகிற அன்று காலையில் அம்பகரத்தூர் கோயிலுக்கு அழைத்துக்கொண்டு போய், அம்மன் சந்நிதியில் கற்பூரத்தட்டின்மேல் கைவைக்கச் சொல்லி, குடிக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கினேன். “ஏம்மா, பியர்கூடவா?” என்று கேட்டான். “அம்மனுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாதுடா” என்றேன். தலத்தெருவில் எங்கள் வீட்டு வரிசையில் குடிக்காத இளைஞன் என்று அவனைத்தான் காட்டுவார்கள். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு.

டிஸ்பென்சரி ஒரு சின்ன அறை. டெட்டால் வாசனையும் கொசுவர்த்தி வாசனையும் கலந்திருந்தது. அங்கே ஒரு சிஸ்டர்தான் எல்லாம். டாக்டர் வாரத்துக்கு ஒருமுறை வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார் என்றாள். சின்னப் பெண், கலகலப்பானவள். பிஸ்கட்டை நீட்டியபடியே, “பாருங்கக்கா, ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது. அவ்வளவு சுத்தமா வச்சிருக்கோம்” என்றாள்.

அந்தச் சுத்தம்தான் எனக்கு முதலில் பிடிக்கவில்லை. உண்மையான கேஸ் ஷீட் அழுக்காக இருக்கும். ஒரு பேனா தீர்ந்து இன்னொரு பேனா தொடங்கும். டீக்கறை இருக்கும். எண்பத்தாறு என்று எழுதி அடித்து எண்பத்தொன்பது என்று போட்டிருக்கும். இங்கே ஃபைலுக்கு ஃபைல் இரத்த அழுத்தம் நூற்றிருபது, எண்பது. நாடித்துடிப்பு எழுபத்திரண்டு. கூட்டிப் பெருக்குகிற ஓர் அம்மாவின் ஃபைலைத் திறந்தேன். ‘விதைப்பை வீக்கம் இல்லை’ என்று எழுதியிருந்தது.

“சிஸ்டர், இது பொம்பள.”

அவள் எட்டிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “அது ஃபார்மேட்டுக்கா. ஒருத்தருக்கு அடிச்சிட்டு மத்தவங்களுக்குப் பேரை மட்டும் மாத்துவோம். தப்பு ஒண்ணுமில்லையே, அவங்களுக்கு அது இல்லதானே?”

நானும் சிரித்துவிட்டேன். ஆனால் அடுத்த ஃபைல், காலையில் வாசலில் எனக்குக் கதவு திறந்துவிட்ட ஆளுடையது. பழைய பிரஸ் இயந்திரத்தில் மாட்டி அவருக்கு வலது கையில் இரண்டு விரல் இல்லை. அதே தொழிற்சாலையில், அதே டிஸ்பென்சரியில்தான் கட்டுப் போட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு வந்த வருடத்துத் தாளில் ‘கைகள், விரல்கள்: நார்மல்’ என்று இருந்தது. கீழே டாக்டரின் கையெழுத்து, நீல மையில், அழகாக. சிரிப்பு அங்கே நின்றுபோனது. அந்தக் கையெழுத்துக்கு முன்னால் அந்த மனிதர் சட்டையைக் கழற்றி நின்றிருக்க வேண்டும், கையை நீட்டியிருக்க வேண்டும். யாரும் பார்க்கவில்லை. பார்த்ததாக மட்டும் எழுதியிருக்கிறார்கள்.

மேசை ஓரத்தில் நுரையீரல் சோதனைக் கருவி இருந்தது. மூச்சை முழுக்க இழுத்து, ஒரு குழாயில் ஒரே வீச்சில் ஊத வேண்டும். எத்தனை லிட்டர் காற்று வெளியே வருகிறது என்று கருவி காட்டும். தூசி நெஞ்சில் தங்கினால் வருடா வருடம் அந்த லிட்டர் குறையும். ஆளுக்கொரு அட்டைக் குழாய் மாட்டி, ஊதி முடித்ததும் தூக்கிப் போட வேண்டும். அட்டைக் குழாய்ப் பெட்டிகள் பீரோமேல் பிரிக்காமலே அடுக்கியிருந்தன. அவற்றின்மேல் வெள்ளைத் தூள் படிந்திருந்தது. கருவியில் மாட்டியிருந்தது ஒரு பிளாஸ்டிக் குழாய். மஞ்சள் பூத்து, முனையில் பல் பதிந்த தடத்தோடு இருந்தது.

“இது ஒண்ணுலயேவா எல்லாரும் ஊதுவாங்க?”

“கழுவிடுவோம்க்கா” என்றாள். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எழுந்து வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அந்தப் பல்தடம் யாருடையது என்று அப்போது எனக்குத் தெரியாது.

அடுத்தடுத்த நாட்களில் தூள் பகுதி ஆட்களின் ஊதல் சோதனைத் தாள்களை மட்டும் தனியே எடுத்து வைத்துக்கொண்டேன். காற்றின் அளவு உயரத்தைப் பொறுத்தது, வயதைப் பொறுத்தது. ஆறடி ஆளுக்கும் ஐந்தடி ஆளுக்கும் ஒரே லிட்டர் வராது. இங்கே வந்திருந்தது. ஐம்பத்தைந்து வயதுக்காரரும் இருபத்தைந்து வயதுக்காரரும் ஏறக்குறைய ஒரே அளவு ஊதியிருந்தார்கள். கருவி வரைந்த கோடும் எல்லாருக்கும் ஒரே மாதிரி எழும்பி, ஒரே இடத்தில் சின்னதாக ஒடிந்து, இறங்கியது. இன்னொன்றும் கண்ணில் பட்டது. வருகைப் பட்டியல் ஆங்கில எழுத்து வரிசையில் இருக்கும். அந்த வரிசையிலேயே மூச்சும் குறைந்துகொண்டு போனது. ‘ஏ’யில் பேர் தொடங்குகிறவருக்கு நல்ல நுரையீரல், ‘வி’யில் தொடங்குகிறவருக்குக் கொஞ்சம் மட்டம். யாரோ ஒருத்தர் வரிசையாக எல்லாருக்கும் ஊதியிருக்கிறார். ஊத ஊதக் களைத்திருக்கிறார்.

யார் என்பதை எனக்குச் சொன்னவர் கருக்களாச்சேரிக்காரர் ஒருவர். படகு வேலையை விட்டுவிட்டுத் தூள் பகுதிக்குப் போனவர். இருமல் அதிகமாகி வேலையிலிருந்து நின்றுவிட்டார். எங்கள் மருத்துவமனைக்கு வருவார், மீன் விற்கிற மனைவி கையைப் பிடித்துக் கூட்டி வருவாள். அவர் கம்பெனி ஃபைலில் ‘நுரையீரல்: நார்மல், வேலைக்குத் தகுதி’ என்று இருந்தது. அதற்குச் சில வாரம் கழித்து எங்கள் மருத்துவமனையில் எடுத்த எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் பொரி இறைத்தது போல் புள்ளிகள். சிகிச்சைச் செலவும் இழப்பீடும் கேட்டபோது கம்பெனி அந்த ‘நார்மல்’ தாளைத்தான் காட்டியதாம். இங்கே இருந்தவரை நன்றாகத்தானே இருந்தாய், வெளியே போய் வாங்கிக்கொண்ட நோய் என்றார்களாம்.

மாத்திரை வரிசையில் நின்றவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டேன். “அண்ணே, கம்பெனியில ஊதினீங்களா?”

அவர் மனைவி முந்திக்கொண்டாள். “இவரா ஊதுவாரு? ஊதியிருந்தா அந்த மிசினே ஆடியிருக்கும்.”

“சும்மா இரு புள்ள.” இருமி முடித்துவிட்டு என்னிடம் சொன்னார்: “எம்மா, ராத்திரி போட்டது காலையில இருக்குமா இருக்காதா? ஊதினா தெரிஞ்சிடும், சீட்டைக் கிழிச்சிடுவான். நாங்க யாருமே ஊதல. செக்ஷன்ல ஒரு தம்பி இருக்கு. சொட்டு தொடாது. அம்பகரத்தூர் ஆத்தாகிட்ட சத்தியம் பண்ணிக் கொடுத்த புள்ளை. அதுதான் எங்க எல்லாருக்கும் ஊதிக் கொடுக்கும். தங்கமான தம்பிம்மா.”

“அது குடிச்சிருக்கீங்களான்னு பார்க்கிற மிசின் இல்லண்ணே. நெஞ்சுல தூசி இருக்கான்னு பார்க்கிறது.”

மனைவி கூடையைக் கீழே வைத்தாள். “அடப்பாவி மனுசா” என்றாள்.

அந்தத் தம்பி யார் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம், மீன்குழம்பை ஊற்றிக்கொண்டே மகனிடம் கேட்டேன். அவன் சாதத்தைப் பிசைந்தபடி சிரித்தான்.

“ஆமாம்மா, நான்தான். குடிக்காதவன் அங்க நான் ஒருத்தன்தானே? சத்தியம் வாங்கினது நீ. மொதல் வருஷம் ஊதி ஊதித் தலைசுத்தி உட்கார்ந்துட்டேன். சிஸ்டர் குளுக்கோஸ் கலக்கிக் கொடுத்துச்சு. செக்ஷனே கைதட்டுச்சு தெரியுமா?”

“அது எதுக்குன்னு உனக்குத் தெரியாதாடா? நீ படிச்சவன்.”

“மொதல் வருஷம் தெரியாது. அப்புறம் சிஸ்டரே சொன்னாங்க. அதுக்குள்ள எல்லாருக்கும் நல்ல ரிசல்ட் போயிடுச்சே. இந்த வருஷம் அவனவன் ஊதி மாறிப் போச்சுன்னா, போன வருஷம் எப்படி வந்துச்சுன்னு மேல கேப்பாங்கன்னாங்க. டாக்டருக்கும் தெரியும். ஹெச்.ஆருக்கும் தெரியும். யாருக்கும்மா நஷ்டம்?”

“கருக்களாச்சேரிக்காரர் ஒருத்தர் இருமிக்கிட்டு இருந்தாரே, அவருக்கு.”

அவன் கை நின்றது. “அவர் நின்னதே குடியாலன்னு சொன்னாங்க” என்றான். பிறகு மீனைத் தொடவில்லை.

திங்கட்கிழமை அந்தத் தாள்களை மறுபடி எடுத்தேன். இந்த முறை தணிக்கைக்காக அல்ல. எல்லா ஃபைலிலும் ஒரே நுரையீரல், அது என் பிள்ளையுடையது. அப்படியென்றால் அந்தத் தொழிற்சாலையில் வேறு யாருக்கும் இல்லாத அளவு என் பிள்ளையின் மூச்சுக்குப் பதிவு இருக்கிறது. ஒவ்வொரு வருடத்திலும் அவன் களைப்பதற்குமுன் ஊதியதை, பட்டியலின் முதல் பேர்க்காரருடைய தாளை, எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். முதல் வருடம் கோடு உயரமாக இருந்தது. அடுத்த வருடம் கொஞ்சம் கீழே. அதற்கடுத்த வருடம் இன்னும் கீழே. ஒவ்வொன்றையும் இயல்பான எல்லைக்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து ‘நார்மல்’ போட்டிருந்தார்கள். போன வருடத்துத் தாளை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. முன்பின் பார்க்கத்தானே பதிவு வைப்பது? யாரோ ஒருவருடைய பேரின்கீழ் என் மகனின் நெஞ்சு சுருங்கிக்கொண்டிருந்தது. அடுத்த புள்ளி எங்கே விழும் என்று பென்சிலால் குறித்தேன்.

அறிக்கையின் வரைவைப் படித்த ஹெச்.ஆர். மேலாளர் என்னைத் தம் அறைக்கு அழைத்தார். ஏசி குளிர், மேசையில் இளநீர்.

“மேடம், நல்ல உழைப்பு. ஒரு சின்ன வார்த்தைதான். ‘ஒருவரே பலருக்காக ஊதியுள்ளார்’னு போட்டிருக்கீங்க. அதை ‘ஆவணப்படுத்தலில் மேம்பாடு தேவை’ன்னு மாத்திடலாமே?”

“விரல் இல்லாதவருக்கு விரல் நார்மல்னு எழுதியிருக்கே சார், அதையும் மேம்படுத்திடலாமா?”

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் இன்றுவரை என் கண்முன் நிற்கிறது. கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு அருவருப்பு வந்திருக்காது. “ஆள்மாறாட்டம்னு வந்தா, ஊதினவன் மேலதான் முதல்ல நடவடிக்கை எடுக்கணும் மேடம். சின்னப் பையன், எதிர்காலம் இருக்கு. உங்க பையன் எங்க பையன் மாதிரி. யோசிச்சு எழுதுங்க.”

இளநீரைத் தொடாமல் எழுந்து வந்தேன்.

வீட்டில் மகன் தடுத்தான். “எழுதாதம்மா. எனக்காகச் சொல்லல. அவங்க எல்லாரும் ஊதினா பாதிப் பேரை அன்ஃபிட்னு அனுப்பிடுவான். குடும்பம் இருக்கு அவங்களுக்கு.”

“நெஞ்சும் இருக்குடா அவங்களுக்கு.”

“நான் நல்லாத்தாம்மா இருக்கேன்.”

அந்த மூன்று வருடத் தாள்களின் நகலை அவன் முன்னால் வைத்தேன். ஒன்றும் விளக்கவில்லை. அவன் வரைபடம் படிக்கத் தெரிந்தவன். நெடுநேரம் பார்த்துவிட்டு, “இதெல்லாம் நானா?” என்று கேட்டான்.

“நீதான். பேர் மட்டும் வேற.”

அறிக்கையில் ஒரு சொல்லும் மாற்றவில்லை. எங்கள் டாக்டர் படித்துவிட்டு, “உங்க பையன்…” என்று தொடங்கினார். “தெரியும் சார்” என்றேன். கையெழுத்துப் போட்டார். ஒரு நகல் தொழிற்சாலைகளைப் பார்க்கும் அரசாங்க அலுவலகத்துக்கும் போயிற்று. ஆள்மாறாட்டம் என்று கம்பெனியிலிருந்து மகனுக்கு நோட்டீஸ் வந்தது. தெரிந்தே ‘நார்மல்’ என்று கையெழுத்துப் போட்ட கம்பெனி டாக்டருக்கு எதுவும் வரவில்லை. கொஞ்ச நாளில், தூள் பகுதி ஆட்கள் எல்லாருக்கும் எங்கள் மருத்துவமனையில் வைத்து மறுபடி சோதனை செய்து, அவர்களுடைய பழைய ஃபைல்களையும் சரிசெய்யும்படி அரசாங்க உத்தரவு வந்தது.

அன்று காலை அவர்கள் வரிசையாக வந்தார்கள். குடி வாடையை மறைக்க வாய் நிறைய கொய்யா இலை. சிலர் ஏலக்காய். வராந்தா முழுக்க மணத்தது. இது குடியைப் பிடிக்கிற சோதனை இல்லை என்று இன்னும் நம்பவில்லை. நான் சோதனை அறை வாசலில் நின்றுகொண்டு ஒவ்வொருத்தரிடமும் சொன்னேன்: “இது குடிக்கு இல்லைங்க, நெஞ்சுக்கு. துப்பிட்டு வந்து நல்லா ஊதுங்க.” ஒருத்தர் காதோடு கேட்டார்: “சத்தியமாவாம்மா?” வரிசையின் கடைசியில் என் மகன் நின்றான். முன்னால் நின்றவர் திரும்பி அவனிடம், “தம்பி, பழக்க தோஷம், எனக்கும் சேர்த்து ஊதிடேன்” என்றார். சிரித்தார்கள். சிரித்த வேகத்தில் சிலருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. வராந்தாவில் ஒருத்தர் விட்ட இடத்தில் இன்னொருத்தர் தொடங்க, இருமல் அடங்க நேரமானது. அந்தச் சத்தத்தைத்தான் வருடக்கணக்காக ‘நார்மல்’ என்று எழுதியிருக்கிறார்கள்.

உள்ளே டெக்னீஷியன் புதிய அட்டைக் குழாயை மாட்டிக்கொண்டே கேட்டார்: “பேரு?”

மகன் என்னைப் பார்த்துவிட்டு, தன் பேரைச் சொன்னான்.

ஊதினான். “இன்னொரு தரம், இன்னும் பலமா” என்றார் அவர். ஊதினான். கோடு எழும்பி, அதே இடத்தில் சின்னதாக ஒடிந்து, இறங்கியது. நான் பென்சிலால் குறித்திருந்த இடத்துக்கும் கீழே போய் நின்றது. தூசியை விட்டு விலகினால் இதற்குமேல் இறங்காமல் தடுக்கப் பார்க்கலாம், போனது திரும்பி வராது என்றார் எங்கள் டாக்டர். மகன் வேலையை விட்டுவிட்டான். இப்போது ஓர் இரும்புச் சாமான் கடையில் கணக்குப் பார்க்கிறான். அவன் மாடிப்படி ஏறும்போது நான் அடுப்படியிலிருந்து மூச்சிரைக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்கிறேன். அது அவனுக்குத் தெரியும். அதனால் ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஏறுகிறான்.

பழைய தாள்களைக் கிழிக்கக் கூடாது, ஒவ்வொன்றிலும் குறிப்பு எழுத வேண்டும் என்பது எங்கள் தொழிலின் விதி. ‘இச்சோதனை இவருடையது அல்ல’ என்று சிவப்பு மையில் ஒவ்வொரு ஃபைலாக எழுதித் தேதி போட்டேன். கருக்களாச்சேரிக்காரருடையதில் கொஞ்சம் பெரிய எழுத்தாக எழுதினேன். அதன் நகலை அவர் மனைவி மீன்கூடையில் ஈரம் படாமல் பாலிதீன் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். இழப்பீட்டு மனுவோடு இணைக்க வேண்டுமாம். கடைசியாக என் மகனுடைய ஃபைல் வந்தது. திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த அடுக்கிலேயே உண்மையான ஃபைல் அது ஒன்றுதான். அதில் எழுத எனக்கு ஒன்றுமில்லை.